முட்டுக் கொடுப்பவர்க்கும் மூச்சு வேண்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்தப் பழமொழியில்தான் தொடங்குவர். நானும் அதிலேயே தொடங்குகிறேன். ஆனால் சித்திரத்தைப் பற்றியோ சுவரைப் பற்றியோ பேசுவது என் நோக்கமன்று. சாய்ந்த சுவர் விழுந்துவிடாமல் முட்டுக் கொடுத்து நிற்கும் கழியைப் பற்றிப் பேசவே விரும்புகிறேன். சுவர் விழவில்லை என்று மகிழ்கிறோம். முட்டுக் கழி உளுத்துப் போகிறதா என்று என்றைக்காவது தட்டிப் பார்த்திருக்கிறோமா?

பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன மாமியாருக்குச் சோறூட்டி, உடை மாற்றி, புரட்டிப் படுக்க வைக்கும் மருமகள். மூளை வளர்ச்சி குன்றிய மகனை இருபது வயதிலும் குழந்தையைப் போலக் குளிப்பாட்டிவிடும் தாய். பேர் மறந்து, ஊர் மறந்து, நடுத்தெருவில் இறங்கி நடக்கும் கணவரை ஓடிப்போய் அழைத்து வரும் மூதாட்டி - இவர்கள் இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா? இவர்களுக்கு வேலை உண்டு; வேலை நேரம் இல்லை. பொறுப்பு உண்டு, ஊதியம் இல்லை. ஞாயிறு உண்டு, விடுமுறை இல்லை. யாராவது கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று விடை சொல்லிவிடுகிறோம். அந்தச் ‘சும்மா’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை இரவுகளின் கண்விழிப்பு அடங்கிக் கிடக்கிறது!

இப்படிப் பிறரைத் தாங்கி நிற்பவர்களும் தம் உடலைப் பேண வேண்டும். தமக்கென்று சிறிது நேரம் நடக்க வேண்டும், கை கால்களை நீட்டி மடக்க வேண்டும், ஆழ மூச்சு விட வேண்டும். இதை அவர்களிடம் சொல்வதைவிட, அவர்களைச் சுற்றி இருக்கும் நம்மிடம் சொல்வதே முறை. ஏனெனில், அவர்கள் எழுந்து நடக்க வேண்டுமானால் அவர்கள் இடத்தில் நாம் சென்று உட்கார வேண்டும். நான் சொல்ல வந்த கருத்து இவ்வளவுதான். மற்றவை இதற்கான விளக்கங்களே.

கணக்கில் வராத உழைப்பு

நம் நாட்டு மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை அறிய, நடுவண் அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தியது. ஊதியமின்றி வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டனர். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் என வீட்டில் உள்ளவர்களைப் பராமரிப்பதில் ஈடுபட்ட பெண்களுக்கு 134 நிமிடங்கள். ஆண்களுக்கு 76 நிமிடங்கள். இரண்டையும் ஒருசேரச் சுமக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கின்படி ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆலையில் ஒரு ஷிப்டு எட்டு மணி நேரம். அங்கே சங்கு ஊதினால் வேலை முடியும். வீட்டில் சங்கு ஊதுவார் யார்?

இத்தனை உழைத்தும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக் கடமைகளை மட்டும் கவனிப்பவர்கள் ‘உழைக்காதோர்’ என்ற பட்டியலில்தான் சேர்க்கப்பட்டார்கள். சட்டம் மட்டும் ஓரிடத்தில் கண் திறந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பாளர் என்றால் யார் என்று விளக்கும்போது, பெற்றோரையும் குடும்பத்தினரையும் அதில் சேர்த்து, ஊதியம் பெற்றோ பெறாமலோ பணி செய்பவர் என்று குறிப்பிடுகிறது. ‘பெறாமலோ’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே அச்சட்டத்தை எழுதியவர்களைப் பாராட்டலாம்.

உழைப்பை எண்ணாமல் விட்டதோடு போகவில்லை. உழைப்பவரின் உடலையும் எண்ணாமல் விட்டோம். 1999-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 66 முதல் 96 வயது வரை உள்ளவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயுற்ற கணவனையோ மனைவியையோ பராமரித்து, அதனால் உடலும் மனமும் நைந்து போனவர்களிடையே இறப்பு, அத்தகைய பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு மிகுதியாக இருந்தது. படுத்திருப்பவருக்கு முன்னால் பார்த்துக்கொள்பவர் போய்ச் சேருவது நம் ஊர்களிலும் காணாத காட்சியன்று. "பாவம், பார்த்துப் பார்த்தே போய்விட்டாள்" என்று துக்க வீட்டில் சொல்லிக் கலைந்துவிடுகிறோம்.

வேலை வேறு, பயிற்சி வேறு

"காலை முதல் இரவு வரை ஓயாமல் வேலை செய்கிறவளுக்கு உடற்பயிற்சி வேறு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது தோற்றமே.

பயிற்சியில் நாம் சுமையைத் தேர்ந்தெடுக்கிறோம். இன்று கொஞ்சம், நாளை சற்றுக் கூடுதல் என்று ஏற்றுகிறோம். களைத்தால் நிறுத்துகிறோம். பயிற்சி முடிந்தபின் தசைகள் ஓய்வில் தம்மைத் தாமே பழுது பார்த்து முன்னிலும் வலுப்பெறுகின்றன. நோயாளியைப் பராமரிக்கும் வேலையிலோ சுமையை நோய் தீர்மானிக்கிறது. இடுப்பு வலிக்கிறது என்பதற்காக, ஈரத்துணியோடு கிடப்பவரை நாளைக் காலைவரை அப்படியே விட முடியுமா? குனிதல், நிமிர்தல், இழுத்தல், தூக்கல் என்று அதே தசைகள் மீண்டும் மீண்டும் நோகின்றன. காலும் நெஞ்சும் கண்ட பயன் குறைவு. முதுகு கண்ட தேய்வு அதிகம். ஏற்றம் இறைக்கும் மாடு ஒரே வழியில் ஆயிரம் முறை போய் வந்தாலும் அதை யாரும் உலா என்று சொல்வதில்லை!

இதில் இன்னொன்றும் உண்டு. படுக்கையில் கிடப்பவருக்குப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது நெடுநாளைய வழக்கம். அப்படியானால் பராமரிப்பவரின் நாள், இரவு உட்பட, பன்னிரண்டு துண்டுகளாக வெட்டப்பட்டுவிடுகிறது. துண்டு துண்டான தூக்கத்தோடு எழுந்திருப்பவருக்கு, உடல் நாள் முழுதும் ஆடினாலும் மனம் ஒரு நொடியும் இறங்கி அமர்வதில்லை.

ஒரு சிறு கணக்கு

இயற்பியல் மாணவி என்ற முறையில் ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். நெம்புகோல் தத்துவம் நாம் பள்ளியிலேயே படித்தது. நம் முதுகெலும்பும் ஒரு நெம்புகோலே. குனிந்து சுமை தூக்கும்போது இடுப்பருகே உள்ள எலும்பு மூட்டு ஆதாரப் புள்ளி ஆகிறது. முதுகுத் தசை அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து இழுக்கிறது. சுமையோ முன்னால், கைகளை நீட்டிய நிலையில், 50 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு வேறுபாடு. ஆகவே நோயாளியின் உடலில் 20 கிலோ எடையை மட்டும் கையில் தாங்கினாலும், முதுகுத் தசை 200 கிலோ எடைக்கு ஈடான விசையால் இழுத்தாக வேண்டும். குனிந்திருக்கும் தம் சொந்த உடலின் பாரம் இதற்குமேல் தனி.

ஊதியம் பெற்றுப் பணிபுரியும் செவிலியர்க்காக அமெரிக்க ஆய்வாளர் 2007-ஆம் ஆண்டில் ஒரு வரம்பு கூறினார். நோயாளியைக் கையால் தூக்கும்போது 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோவுக்கு மேல் ஒருவர் தாங்கலாகாது என்பது அந்த வரம்பு. நம் வீட்டுத் தாய்மார்க்கு வரம்பு வகுத்தவர் எவருமில்லை. ஐம்பது வயதுப் பெண் அறுபது கிலோ எடையுள்ளவரைத் தனியாளாகத் தூக்கி நாற்காலியில் அமர்த்துகிறார். அவருக்கு இடுப்பு வலி வந்தால் வயதாகிவிட்டது என்கிறோம். வயதா காரணம்? நெம்புகோல் அல்லவா காரணம்!

இதே கணக்கு வழியும் காட்டுகிறது. சுமையை உடலோடு அணைத்து 25 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் தசையின் பாரம் பாதியாகிறது. ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, நோயாளியின் அடியில் ஒரு போர்வையை நான்காக மடித்துப் போட்டு, இருபுறமும் இருவர் நின்று இழுத்தால் தூக்கும் வேலையே இழுக்கும் வேலையாக மாறிவிடும். இதற்குச் செலவு ஒரு பழைய போர்வை. அதோடு வேண்டியது இன்னொரு ஆள். இன்னொரு ஆள்தான் எங்கும் கிடைப்பதில்லை.

எட்டுக் கிலோமீட்டரும் எட்டு நிமிடமும்

2023-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீள நடைபாதை ஒன்றை வகுத்து மக்களை நடக்கச் செய்வது அதன் நோக்கம். வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் எட்டுக் கிலோமீட்டர் பாதை இருந்தும், வீட்டைவிட்டு எட்டு நிமிடம் வெளியே போக முடியாதவருக்கு அந்தப் பாதையால் என்ன பயன்?

அதற்கு முன்பே, 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் வாசலுக்கு வருகின்றன. நோயாளியைத் தேடி மருத்துவம் வந்துவிட்டது. நோயாளியின் தலைமாட்டில் நிற்பவரைத் தேடி இன்னும் வரவில்லை.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். என் அப்பத்தா பக்கவாதத்தில் படுத்து ஆண்டுகள் சில ஆகின்றன. அவரை முழுதும் பார்த்துக்கொள்பவர் என் அம்மா. மாதந்தோறும் வரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா ஒருநாள் வந்தபோது அப்பத்தா நல்ல தூக்கத்தில் இருந்தார். எழுப்ப மனமில்லாமல் காத்திருந்த அந்த அக்கா, சும்மா இருக்கும் நேரத்தில் பார்ப்போமே என்று அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். படுத்திருந்த அப்பத்தாவின் அழுத்தத்தைவிட நின்றிருந்த அம்மாவின் அழுத்தம் கூடுதலாக இருந்தது! "அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார் அவர். அம்மா சிரித்துவிட்டார். "நான் நடக்கப் போனா அத்தைய யாரு பாக்குறது? நீ வந்து உக்காருறியா?" என்று கேட்டார்.

அம்மா வேடிக்கையாகக் கேட்டாலும் அது வேடிக்கைக் கேள்வியன்று. நல்லதைச் சொல்லுகிற மருத்துவ அறிவுரைகள் எல்லாம் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் அந்தக் கேள்வி. எங்கள் வீட்டில் அதற்கு விடை காண மூன்று மாதம் ஆயிற்று. இப்போது அப்பா வேலை முடித்து வந்ததும் மாலையில் அரை மணி நேரம் தம் தாயின் அருகில் உட்காருகிறார். அம்மா கண்மாய்க்கரை வரை போய் வருகிறார். இதில் எதிர்பாராத பயன் ஒன்றும் கிடைத்தது. நாள் முழுதும் ஒரே முகத்தைப் பார்த்துச் சலித்திருந்த அப்பத்தாவுக்கு, மகனோடு பேச நாள்தோறும் அரை மணி நேரம் கிடைத்தது. பராமரிப்பவர்க்கு ஓய்வு கொடுத்தால் நோயாளிக்கு நட்டம் என்று எண்ணுவது எவ்வளவு தவறு!

ஊர் வாயும் உள்மனமும்

நேரம் கிடைத்தாலும் கால் எழாமல் செய்யும் தடை ஒன்று உண்டு. அது ஊர் வாய். "கிழவியைப் போட்டுவிட்டு வாக்கிங் போகிறாளாம்" என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும். மறுநாள் அந்தப் பெண் வாசற்படி தாண்டமாட்டாள். மகன் நண்பர்களோடு டீக்கடையில் இரண்டு மணி நேரம் இருந்தால் அவன் உழைத்துக் களைத்தவன். மருமகள் அரை மணி நேரம் கை வீசி நடந்தால் அவள் பொறுப்பற்றவள். இது எந்த ஊர் நீதி?

ஊர் வாயைவிடக் கொடியது உள்மனம். தாம் நன்றாக இருப்பதே நோயாளிக்குச் செய்யும் துரோகம் என்று பல பெண்கள் உள்ளூர நினைக்கிறார்கள். தியாகம் என்று நாம் சூட்டிய பட்டமே அவர்கள் காலில் விலங்காகிவிட்டது. தாயைத் தெய்வம் என்று மேடையில் பேசுகிறோம். தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது, தூக்கம் வராது, சர்க்கரை ஏறாது. ஆகவே தாய்க்கும் வராது என்று இருந்துவிடுகிறோம். தாயைத் தெய்வமாக்கியது போதும், மனிதராக மதிப்போம்.

எங்களைப் போல வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. "அவன் படிக்கிற பிள்ளை, அவனைக் கூப்பிடாதே" என்று மகனுக்கு வீடு விலக்கு அளிக்கிறது. மகளுக்கோ நேர்மாறு. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் முதலில் மூடப்படுவது மகளின் புத்தகம். ஒரே கல்வி, ஒருவனுக்கு விலக்குச் சீட்டு. ஒருத்திக்கு வெட்டிவிடக்கூடிய செலவு. ஐந்து பேர் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொண்டால் எந்த மகளும் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. எந்தத் தாயும் முதுகு ஒடிய வேண்டியதில்லை. பாரம் ஒருவர் தலையில் இருந்தால் சுமை. பலர் கையில் இருந்தால் வேலை.

எவ்வளவு போதும்?

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் கொள்வது நல்லது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். இதனால் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்புக் குறைகிறது, மனச்சோர்வும் பதற்றமும் தணிகின்றன, தூக்கம் மேம்படுகிறது என்கிறது அந்நிறுவனம்.

இதில் நம் தாய்மார்க்கு மிகவும் பயன்படும் ஒரு மாற்றம் உண்டு. 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒவ்வொரு முறையும் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றது. 2020-இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. எவ்வளவு சிறிதானாலும் பயன் உண்டு. ஒன்றுமில்லாததைவிடச் சிறிது மேல் என்பதே இன்றைய கொள்கை. இரண்டு மணி நேரத் துண்டுகளாக வெட்டப்பட்ட நாளை உடையவர்க்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

பால் பொங்கும்வரை அடுப்பருகே குதிகாலை உயர்த்தி இறக்கலாம். முக்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழலாம். தொடைத் தசை வலுத்தால் நோயாளியைத் தூக்கும்போது முதுகு தப்பிக்கும். சுவரில் இரு கைகளையும் ஊன்றி உடலைச் சாய்த்து நிமிர்த்தலாம். நோயாளி கண்ணயர்ந்த நேரத்தில் வாசலுக்கும் கொல்லைக்கும் விரைந்து நடக்கலாம். வானொலியில் மூன்று பாட்டு முடியும்வரை நடந்தால் பத்து நிமிடம் ஆகிவிடும். மூட்டு வலியோ அழுத்தமோ உள்ளவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக்கொண்டு தொடங்குவது நல்லது.

வீட்டோடு செய்யும் பயிற்சியால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. நினைவிழப்பு நோயாளிகளைப் பராமரித்துவந்த, 49 முதல் 82 வயது வரையிலான 100 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் ஓராண்டுக் காலம் பெரும்பாலும் விரைநடையைப் பயிற்சியாகக் கொண்டனர். அவர்களைக் கூடத்துக்கு வரவழைக்கவில்லை, தொலைபேசியிலேயே வழிகாட்டினார்கள். அவர்களின் தூக்கம் மேம்பட்டது. மனம் கலங்கும் வேளையில் இரத்த அழுத்தம் ஏறும் அளவும் குறைந்தது. அவர்கள் தாங்கிய சுமை குறையவில்லை. தாங்கும் உடல் தேறியது.

இவை தனியாகச் செய்வன. கூடிச் செய்ததும் நம்மிடம் இருந்தது. கும்மியும் கோலாட்டமும் என்ன? குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, வட்டமாகச் சுற்றி, வாய்விட்டுப் பாடி, பெண்கள் கூடி மூச்சு வாங்கிய பயிற்சி அல்லவா? இன்று அவை பள்ளி ஆண்டு விழா மேடையில் ஐந்து நிமிடக் காட்சியாகச் சுருங்கிவிட்டன. மேடையிலிருந்து இறக்கி மீண்டும் தெருவுக்குக் கொண்டுவந்தால், உடலும் தேறும்; நான்கு சுவருக்குள் அடைபட்டவர்க்கு நாலு பேர் முகமும் கிடைக்கும்.

முறை வைப்போம்

எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த அரை மணி நேரம். அதை யார் கொடுப்பது?

முதற்பங்கு குடும்பத்தினுடையது. குறிப்பாக, ஆண்களுடையது. தாயைப் பார்ப்பது மகனின் கடமை. அது மனைவிக்குச் செய்யும் உதவி அன்று.

இரண்டாம் பங்கு ஊருடையது. மழை குறைந்த ஆண்டில் கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைக்கிறோம். இன்ன வயலுக்கு இத்தனை நாழிகை என்று பங்கிட்டு, மடை மாற்றி, சண்டையில்லாமல் பயிரைக் காக்கிறோம். தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த ஊருக்கு, ஒரு நோயாளியின் அருகில் உட்கார முறை வைக்கத் தெரியாதா? 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழகமெங்கும் பரவியுள்ளன. பணத்தைச் சேமித்துச் சுழற்றத் தெரிந்த அந்தக் குழுக்களால் நேரத்தையும் சேமித்துச் சுழற்ற முடியும். இன்று நான் உன் வீட்டில் அரை மணி நேரம். நாளை நீ என் வீட்டில்.

மூன்றாம் பங்கு அரசினுடையது. நோயாளிக்கு அழுத்தம் பார்க்கும் அதே கருவியால், அதே வருகையில், பராமரிப்பவருக்கும் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி ஆணை போட்டால் போதும். இயன்முறைச் சிகிச்சையாளர் வரும்போது, நோயாளியைத் தூக்கும் சரியான முறையையும் முதுகுக்கான நான்கு பயிற்சிகளையும் வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

நான்காம் பங்கு நம்முடையது, மாணவ நண்பர்களே! காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். அதில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் என்பது விதி. சாலையோரம் செடி வெட்டுகிறோம், சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், பேரணி போகிறோம். அவையும் வேண்டியனவே. ஆனால் 120 மணி நேரம் என்பது 240 அரை மணி நேரங்கள். ஒரு மாணவரின் ஓராண்டுத் தொண்டு, ஒரு தாய்க்கு 240 நாள் நடை! நம் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் இருபது வீடுகளை மட்டும் தேர்ந்தெடுப்போம். இருவர் இருவராகச் செல்வோம்; பெண் நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு மாணவியர் செல்வோம். உணவோ மருந்தோ கொடுப்பது நம் வேலையன்று. அதை வீட்டார் முன்கூட்டியே முடித்திருக்கட்டும். நாம் அருகில் இருப்போம், செய்தித்தாள் படித்துக் காட்டுவோம், பழங்கதை கேட்போம், ஏதேனும் என்றால் குரல் கொடுப்போம். அந்த அரை மணி நேரத்தில் ஒரு தாய் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து வரட்டும்.

இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம்; கட்டடம் வேண்டாம்; திறப்பு விழாவும் வேண்டாம். வேண்டுவது ஒரு பெயர்ப் பட்டியலும், கிழமை வாரியாக ஓர் அட்டவணையும், சொன்ன நேரத்துக்குப் போய் நிற்கும் நாணயமும்தாம். வரும் கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே நம் நாட்டு நலப்பணித் திட்ட அலகு இதைத் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பட்டியலில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் பெயர் ஒரு மாணவனுடையதாக இருக்கட்டும்.